சிவகுரு தனுஜன் காலமாகி மேடையேறிய வரலாறு

புங்குடுதீவைச் சேர்ந்த சிவகுரு தனுஜன் சென்ற ஆவணியில் முகநூலில் காலமானார். அந்த நேரத்தில் அவர் வேலணையில் ஓர் அச்சகத்தில், கணினிக்கு முன்னால் இருந்து, சம்பலோடு பாண் தின்றுகொண்டிருந்தார். வயது இருபத்தாறு. தடிமன்கூட இல்லை.

அவருடைய தொழில் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளை வடிவமைப்பது. தீவில் வசிப்பவர்கள் கொஞ்சம். தீவில் பிறந்து ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இறப்பவர்கள் கனபேர். எங்கே இறந்தாலும் சந்தியில் ஒரு பதாகை தொங்கியாக வேண்டும். நரைத்த மீசையைச் சற்றுக் கறுப்பாக்குவது, கல்யாணவீட்டுப் படத்தில் காலஞ்சென்றவரின் தோளில் கிடக்கும் அடுத்தவர் கையை வெட்டியெறிவது, இரண்டு மூலையிலும் குத்துவிளக்கு ஏற்றுவது ஆகிய கலைகளில் தீவகத்தில் அவருக்கு நிகர் இல்லை. தொடக்கத்தில் ஒவ்வொரு முகத்தையும் பார்க்க மனம் கனத்ததாம். பிறகு படம் தெளிவா, தெளிவில்லையா என்பது மட்டுமே தெரிந்தது.

இவருக்கு ஒரேயொரு பொழுதுபோக்கு. ஜப்பானியக் கார்ட்டூன்களில் வரும் ஆட்களைப் போல வேடம் கட்டுவது. உலகம் இதைக் கொஸ்பிளே என்கிறது. அவருடைய அம்மா இதை விசர் என்கிறார்.

சில வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்தில் இந்த வேடதாரிகளின் முதல் ஒன்றுகூடல் ஒரு ரியூசன் கொட்டகையில் நடந்தது. மேடை இல்லை, மைக் இல்லை. வந்தவர்கள் ஒருவரையொருவர் சுற்றிவந்து, கவசத்தைத் தட்டிப் பார்த்து, "இதை எதாலை செய்தனீ?" என்று கேட்டதே முழு நிகழ்ச்சி. மீன்பெட்டியின் வெள்ளை ரெஜிபோம் அட்டையை உடையாமல் வளைப்பது எப்படி என்று தனுஜன் அன்றைக்கு முன்பின் தெரியாத ஒருவருக்கு விளக்கினார். வாழ்நாளில் அவர் தொடர்ச்சியாகக் கதைத்தது அந்த ஒரு தடவைதான்.

இப்போது ஒன்றுகூடல் பெரிய மண்டபத்தில் நடக்கிறது. வாசலில் படம் பிடிப்பதற்கான வட்ட விளக்குகள். வேடம் கட்டியவர்கள் வாசலிலேயே சுழன்று, வாளை ஒருமுறை உருவி, அந்த வீடியோவை ரிக்ரொக்கில் ஏற்றிவிட்டு, உள்ளே போகாமலே வீடு திரும்புகிறார்கள். உள்ளே போனவர்களுக்கும் அங்கே என்ன நடந்ததென்று தெரியாது; அவர்களும் படம் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். எவரும் எவரையும் தட்டிப் பார்ப்பதில்லை. இந்த வருடம் அமைப்பாளர்கள் புதுவிதி ஒன்றும் போட்டார்கள்: வேடத்தின் படத்தை முன்கூட்டியே முகநூலில் ஏற்றவேண்டும்; யாருடைய படத்துக்கு அதிகம் பேர் விருப்பம், சிரிப்பு என்று முகக்குறி போடுகிறார்களோ அந்த ஐந்து பேருக்கு மட்டும் மேடை.

தனுஜன் ஒரு வருடமாக ஒரு கவசம் செய்திருந்தார். அச்சகத்தில் எழுத்துப் பிழையாகிப் பழுதான அஞ்சலிப் பதாகைகளை மறுபக்கம் திருப்பி, அடுக்கடுக்காக வெட்டி, வலைக்கயிற்றால் கோத்த கவசம். வெளியே பார்த்தால் வெள்ளி. உள்ளே அவருடைய நெஞ்சைப் பார்த்தபடி பல பெரியவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தான் செத்துப்போனதைக் கவனிக்காமல் இன்னும் காவல்நிற்கும் ஒரு வாள்வீரனின் வேடம் அது. அதைப் போட்டுக்கொண்டு மேடையில் நிற்கவேண்டும், மைக்கை நீட்டி யாராவது எப்படிச் செய்தீர் என்று கேட்கவேண்டும், அவர் சொல்லவேண்டும். இதைவிடப் பெரிய இலட்சியம் எதுவும் அவருக்கு இருந்ததாக ஆதாரம் இல்லை.

படத்தை அவரே எடுத்து அவரே வடிவமைத்தார். முகத்தில் வெள்ளை மா, மூடிய கண். பின்னணி கறுப்பு. கை தன் பழக்கத்தில் போய் இரண்டு மூலையிலும் விளக்கு வைத்தது. கீழே 'சிவகுரு தனுஜன், புங்குடுதீவு' என்று போட்டு, ஒன்றுகூடல் நடக்கும் திகதியையும் மண்டபத்தின் பெயரையும் எழுதியது. அழகான வேலை. ஏழு பேர் விருப்பம் தெரிவித்தார்கள். அதில் ஒருவர் அவரே.

மூன்றாம் நாள், ரொறன்ரோவில் பஸ்ஸுக்குக் காத்துநின்ற அவருடைய மாமி அம்பிகை அதைக் கண்டார். "ஐயோ என்ரை ராசா, மாமியை விட்டிட்டுப் போட்டியே" என்று எழுதி ஊர்க் குழுவில் பகிர்ந்தார். அதைத் தொட்டவர்கள் மூலப்படத்துக்கே போய் அங்கே அழுதார்கள். தனுஜனைத் தூக்கி வளர்த்தவர்கள், கூடப் படித்தவர்கள், அவர் யாரென்றே தெரியாதவர்கள் எல்லோரும் அழுதார்கள்.

வீட்டில் தொலைபேசி ஓயவில்லை. அம்மா எடுத்தவர்களுக்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னார்.

"அவன் சாகேல்லை அக்கா. இஞ்சை இருந்து புட்டுத் தின்னுறான்."

"நீர் அதிர்ச்சியிலை இருக்கிறீர் தங்கச்சி. அழும். வாய்விட்டு அழும். அப்பத்தான் ஆறும்."

அடுத்த நாள் காலையில் அச்சக முதலாளி தில்லைநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தனுஜனின் மேசைக்கு வந்தார்.

"தம்பி, கனடாவிலையிருந்து ஒரு அஞ்சலி. எட்டடிக்கு ஆறடி. அவசரமாம்."

"ஆர் அண்ணை?"

"நீர்தான்."

முதலாளி துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஏலாதெண்டு சொல்லட்டோ?" என்றார் முதலாளி. "உம்மடை விசயம், நீர்தான் சொல்லவேணும்."

தனுஜன் பதில் சொல்லுமுன் தொலைபேசி அடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கஜாலினி. முதல் ஒன்றுகூடலிலிருந்து அவரோடு வேடம் கட்டும் சிநேகிதி.

"டேய் தனு, நீதான் இப்ப முதலாவது! பாத்தனியே?"

"அதெல்லாம் அழுகிற மூஞ்சியடி."

"அழுகிறதும் கணக்குத்தான். நான் கேட்டனான். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதை. உயிரோடை இருக்கிறன் எண்டு ஒரு வரி போட்டியோ, எல்லாரும் வந்து அழுகையைத் திருப்பி எடுத்திடுவினம்."

தொலைபேசியை வைத்தபின் தனுஜன் ஊர்க் குழுவைத் திறந்து, 'நான் சாகேல்லை' என்று எழுதினார். அனுப்பும் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு, நெஞ்சில் ஏதாவது குத்துகிறதா என்று காத்திருந்து பார்த்தார். எதுவும் வரவில்லை. எழுதியதை அழித்தார்.

"படம் தெளிவாத்தான் இருக்கு அண்ணை," என்றார். "அடிப்பம்."

தன்னுடைய அஞ்சலியில் அவர் எந்தக் குறையும் வைக்கவில்லை. 'பாசமிகு மருமகன்' என்ற இடத்தில் ஓர் ஒற்றெழுத்துத் தவறியிருந்ததைத் திருத்தினார். மாலையில் அது குறிகட்டுவான் பாதையில் தொங்கியது. அவர் வீடு திரும்பும் பஸ்ஸின் நடத்துநர் அதையும் பார்த்தார், இவரையும் பார்த்தார்.

"உம்மடை அண்ணரோ?"

"இல்லை."

"உரிச்சுப் படைச்ச மாதிரி இருக்கு. பாவம், சின்ன வயசு. உள்ளுக்கு ஏறி நில்லும்."

தனுஜன் உள்ளே ஏறி நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் முதலாவதாக மேடைக்கு அழைக்கப்பட்டார். மண்டபம் முழுக்கக் கைபேசிகள் உயர்ந்தன. உயிரோடிருப்பவருக்கு ஊர் அஞ்சலி செய்யும் செய்தி ஏற்கெனவே நகரத்துக்கு வந்துவிட்டது. எல்லோரும் பார்க்க வந்தது செத்த பெடியனை. அறிவிப்பாளர் மைக்கை நீட்டினார்.

"சொல்லுங்கோ புரோ, செத்த அனுபவம் எப்பிடி?"

தனுஜன் யோசித்தார்.

"பெரிசா வித்தியாசம் ஒண்டும் இல்லை."

மண்டபம் அதிர்ந்தது. அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும். "இந்தக் கவசம் வந்து, நாங்கள் அடிக்கிற பிளெக்ஸ் இருக்கெல்லோ..." என்று தொடங்கியபோது மைக் அடுத்தவரிடம் போய்விட்டிருந்தது. பிறகு இருட்டும்வரை அவரோடு படம் எடுத்தார்கள். "அண்ணை, கண்ணை மூடுங்கோ. இன்னொருக்கா. வடிவா மூடுங்கோ." அவர் மூடினார். முதற்பரிசாக ஒரு வட்ட விளக்கு கொடுத்தார்கள்.

அன்றிரவே அவர் ஊர்க் குழுவில் அந்த ஒரு வரியை எழுதினார். சற்று நேரத்தில் குழுவின் நிர்வாகியிடமிருந்து பதில் வந்தது: 'அமரரின் பெயரில் போலிக் கணக்கு நடத்தும் ஈனச் செயலை வன்மையாகக் கண்டிக்கிறோம்.' அதோடு அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

மறுநாள் அம்மா பொறுமையிழந்து ரொறன்ரோவுக்கு வீடியோ அழைப்பு எடுத்து, கைபேசியை மகனின் முகத்துக்கு நேரே பிடித்தார். மாமியின் கண் இன்னும் வீங்கியிருந்தது. அவருக்குப் பின்னால் சுவரில் தனுஜனின் படம், மாலையோடு. மாமி இவரைப் பார்த்தார். திரும்பிச் சுவரைப் பார்த்தார். மறுபடி இவரைப் பார்த்தார்.

"நீ உயிரோடையோ?"

"ஓம் மாமி."

"எத்தினை நாளாய்த் தெரியும் உனக்கு, நாங்கள் அழுகிறமெண்டு?"

"முதல் நாளே தெரியும் மாமி."

"ஏன் ராசா ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

தனுஜன் மேடை விதியை ஒழுங்காக விளக்கினார். ஐந்து பேர், முகக்குறி, ஞாயிற்றுக்கிழமை. மாமி குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்ப நான் அழுதது?"

தனுஜன் ஒரு தொழிலாளியின் நேர்மையோடு பதில் சொன்னார்.

"அதையும் எண்ணினவை, மாமி."