அடைத்த முகவரி

சந்திரகாந்தா மாத்தளை நகரில் ஜுனைதீன் நானாவின் கம்யூனிகேஷன் கடையில் பதினொரு வருடம் வேலை செய்தார். போட்டோகொப்பி, பெக்ஸ், வெளிநாட்டுக் கோல், கடைசியில் இரண்டு கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும். பலாபத்வலைக்கு மேலே மிளகும் கொக்கோவும் விளைகிற ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அப்பா பழனிமுத்துவுக்கு அங்கே மருந்தடிக்கிற வேலை. பள்ளி முடிவில் ஏ.எல். சோதனை எழுதினார், பல்கலைக்கழகம் போகப் புள்ளி போதவில்லை. கம்ப்யூட்டரை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கடையில் ஆளில்லாத பிற்பகல்களில் தானாகத் தட்டித் தட்டிப் பழகியதுதான்.

அவரை எனக்குத் தெரியவந்தது 'கொப்பி'யால். கொப்பி என்பது தமிழில் தட்டெழுதுவதற்கான ஒரு மென்பொருள். திறந்த மூலம் என்பார்கள். யாரும் இலவசமாக எடுக்கலாம், அதன் உள்ளே இருப்பதைப் பார்த்துத் திருத்தவும் செய்யலாம். தொடங்கியவர் இராசலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், கனடாவில் ஒரு கிடங்கில் வேலை. நாலு நாடுகளில் ஏழெட்டுப் பேர் சம்பளமில்லாமல் அதற்கு உழைத்தோம். மாத்தளையில் தமிழ் வாத்தியாரான நான் எழுத்துப் பிழை பார்த்தேன். சந்திரகாந்தா உதவிப் பக்கங்களை எழுதினார். "மவுஸ இங்க வைங்க, ஒரு தட்டு தட்டுங்க, பயப்படாதீங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் பேசுவது போல எழுதுவார். நான் அதைத் திருத்தவில்லை.

2008 ஏப்ரலில் இராசலிங்கத்திடமிருந்து எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. கொப்பியை வைத்திருந்த சேர்வர் வாடகைக்கு எடுத்தது. மாதத்துக்கு இவ்வளவு தரவுதான் அதிலிருந்து வெளியே போகலாம் என்று ஒரு அளவு உண்டு. அளவு மீறினால் மேலதிகமாகக் கட்டவேண்டும். நாலு மாதமாக மீறிக்கொண்டே இருந்தது. அத்தனையும் அவர் தன் கையிலிருந்து கட்டியிருக்கிறார். "எனக்கு வேலை போயிட்டுது. இன்னும் ரெண்டு மாசம் சமாளிப்பன். அதுக்குள்ள குறைக்க ஏலாட்டி மூடத்தான் வேணும்" என்று எழுதியிருந்தார்.

சந்திரகாந்தா அன்றைக்கே பதில் போட்டார். "மூடாதீங்க அண்ணன். சேர்வர் பதிவ எனக்கு அனுப்புங்க, நான் பாக்குறேன்."

எந்த முகவரியிலிருந்து எப்போது எதை எடுத்தார்கள் என்று சேர்வர் வரி வரியாக எழுதிவைக்கும். அதை அவர் பொறுமையாக வாசித்தார். உதவிப் பக்கங்களில் பெரிய பெரிய படங்கள் இருந்தன, அவற்றைச் சுருக்கினார். யாரும் பாவிக்காத ஐந்து எழுத்துருக்களைக் கழற்றி வேறாக வைத்தார். தமிழ்நாட்டில் இரண்டு கல்லூரிகளுக்கு எழுதி, கொப்பியின் பிரதியை அவர்களுடைய சேர்வரிலும் வைக்கச் செய்தார். பாதிக்கு மேல் குறைந்தது. ஆனாலும் அளவுக்குள் வரவில்லை.

ஜூன் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை என்னைக் கடைக்குக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். ஒரே ஒரு முகவரி, மே மாதத்தில் மட்டும் நூற்றுப் பத்துத் தடவை வந்திருந்தது. கொப்பி முழுதாக அறுபது மெகாபைட். இந்த முகவரி முப்பது நாற்பது வரைக்கும் இழுத்துவிட்டு நின்றுபோகும், பிறகு மறுபடி முதலிலிருந்து இழுக்கும். விட்ட இடத்திலிருந்து தொடர அப்போது எங்கள் சேர்வரில் வசதியில்லை. முகவரி யாருடையது என்று தேடினால் ஐரோப்பாவில் செய்மதி, அதாவது செயற்கைக்கோள், வழியாக இன்டர்நெட் கொடுக்கிற ஏதோ ஒரு கம்பனியின் பெயர் வந்தது.

"இது மனுசன் இல்ல சேர். ஏதோ மெஷின் தானா சுத்துது. மனுசனா இருந்தா இத்தன தடவ தோத்துப்போயும் வருவாங்களா?" என்றார்.

"வரமாட்டாங்க. அடைச்சிருங்க" என்றேன் நான்.

ஒரு வரி எழுதினால் போதும், அந்த முகவரிக்கு எங்கள் பக்கம் திறக்காது. அந்த வரியை எழுதினார். ஜூன் மாதம் முடியும்போது கொப்பி அளவுக்குள் வந்துவிட்டது. இராசலிங்கம் தொலைபேசியில் எடுத்து, "தங்கச்சி, நீதான் காப்பாத்தினனீ" என்றாராம். அன்றைக்குக் கடையில் இருந்த எல்லோருக்கும் சந்திரகாந்தா பட்டீஸ் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த ஜனவரியில் கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்தது. மாத்தளையில் பட்டாசு கொளுத்தினார்கள். நாங்கள் வெளியே அதிகம் போகவில்லை. அதற்கு அடுத்த வாரம் கடையில் வியாபாரம் இல்லாமல், உதவி கேட்டு வருகிற மின்னஞ்சல் பெட்டியை அவர் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். விளம்பரக் குப்பை ஆயிரக்கணக்கில் குவிந்து, நல்ல கடிதங்களும் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தன. அந்தக் குப்பைக்குள் ஒரே ஆளின் மூன்று கடிதங்கள் கிடைத்தன. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தது. அந்த ஆளிடம் தமிழில் அடிக்க ஒன்றுமில்லை.

முதலாவது ஜூலையில் வந்தது. "நான் கிளிநொச்சியில பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். சோதனைத் தாள் அடிக்கக் கொப்பி வேணும். இங்க ஒரு தொண்டு நிறுவனத்தின்ர கந்தோரில பின்னேரத்தில இன்டர்நெட் பாவிக்க விடுகினம். செய்மதி லைன், பாதியில அறுந்து போகும். ஒவ்வொரு நாளும் எடுத்துப் பாத்தனான். இப்ப உங்கட பக்கமே திறக்குதில்லை. நான் ஏதும் பிழை விட்டிட்டனோ தெரியாது, மன்னிக்கவும்."

இரண்டாவது ஓகஸ்டில். "பெரிய சாமானை ஒரேயடியா எடுக்கிறதாலதான் அறுகுது எண்டு இங்க ஒரு தம்பி சொன்னார். சின்னச் சின்னத் துண்டாப் போட ஏலுமோ?"

மூன்றாவது செப்டெம்பரில். "நிறுவனக்காரர் நாளைக்கு வன்னியை விட்டு வெளிக்கிடுகினம். இனி எழுத வழியில்லை. உங்கட வேலைக்கு நன்றி. மீனாம்பிகை."

சந்திரகாந்தா அழவில்லை என்று ஜுனைதீன் நானா சொன்னார். முதலில் அடைத்த வரியை அழித்தாராம். பிறகு அந்த ஆசிரியைக்குப் பதில் எழுதத் தொடங்கியிருக்கிறார்.

"என்ன புள்ள, கிளிநொச்சிக்கா மெயில் போடுறே? காலம் கெட்டுக் கிடக்கு. யாராச்சும் வந்து கேட்டா ஒனக்கும் கரச்சல், கடைக்கும் கரச்சல்" என்றார் நானா.

"கேட்டா நான் தான் போட்டேன்னு சொல்லுங்க நானா. அவங்க தப்பு ஒண்ணும் செய்யல. நான்தான் கதவ அடைச்சேன்."

நானா அதற்கு மேல் தடுக்கவில்லை. மீனாம்பிகையிடமிருந்து பதில் வரவும் இல்லை.

அந்த வாரமே சந்திரகாந்தாவும் இராசலிங்கமும் சேர்ந்து கொப்பியை முப்பது துண்டாகப் பிரித்தார்கள். ஒரு துண்டு அறுந்தால் அந்தத் துண்டை மட்டும் திரும்ப எடுத்தால் போதும். கடைசியில் எல்லாவற்றையும் ஒட்டவைக்க ஒரு சின்னக் கருவி. பெப்ரவரி முடிவில் சேர்வர் கணக்கு வந்தபோது எல்லோரும் ஆச்சரியப்பட்டோம். கொப்பியை எடுத்தவர்கள் கூடியிருந்தார்கள், வெளியே போன தரவோ முன்னெப்போதும் இல்லாத அளவுக்குக் குறைந்திருந்தது. இத்தனை நாளும் காசைத் தின்றது அறுந்து அறுந்து திரும்ப இழுத்த பாதிகள்தான். ஊர் ஊராக எத்தனையோ பேர் அப்படி இழுத்திருக்கிறார்கள்.

"யாரையும் அடைச்சிருக்கத் தேவையில்ல சேர். அந்த டீச்சர் ஓகஸ்டிலயே வழி சொல்லிட்டாங்க" என்றார் சந்திரகாந்தா. அடைக்கச் சொன்னவன் நான்.

சண்டை மே மாதம் முடிந்தது. பழனிமுத்துவின் அக்கா நாச்சியா, எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் லயம் எரிந்தபோது பிள்ளைகளோடு வன்னிக்குப் போய்க் குடியேறியவர். செட்டிகுளம் அகதி முகாமில் அவர் உயிரோடு இருப்பதாகத் தகவல் வந்தது. ஓகஸ்டில் அப்பாவும் மகளும் பஸ் ஏறிப் பார்க்கப் போனார்கள். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அத்தை. அத்தையை அடையாளம் கண்டுபிடிக்கவே நேரம் எடுத்ததாம். அழுது முடிந்த பிறகு சந்திரகாந்தா மெல்லக் கேட்டிருக்கிறார், கிளிநொச்சியில் படிப்பித்த மீனாம்பிகை என்று ஒரு டீச்சரை யாருக்காவது தெரியுமா என்று. அத்தை தண்ணீர் வரிசைகளில் விசாரித்து வைத்தார். மூன்று வாரம் கழித்து மறுபடி போனபோது வேலியருகே ஒரு பெண்ணைக் கூட்டிவந்து நிறுத்தினார்.

"மீனா டீச்சரோ? எங்கட பிள்ளையளோட தருமபுரம் வரைக்கும் வந்தவ" என்றாள் அந்தப் பெண். "அங்கயும் மரத்துக்குக் கீழ வகுப்பு வைச்சவ. சோதனைத் தாள் எல்லாம் கையாலதான் எழுதினவ, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொண்டா. மாசி மாசம் இரணைப்பாலையில கண்டனான். அதுக்குப் பிறகு காணேல்லை. இந்த முகாமில இல்லை, எல்லா இடமும் கேட்டாச்சு." பிறகு வேலிக்கு நெருங்கி வந்து, "நீங்கள் அவவுக்கு என்ன முறை?" என்று கேட்டிருக்கிறாள்.

"தெரிஞ்சவங்க" என்று மட்டும் சொன்னாராம் சந்திரகாந்தா. இதையெல்லாம் பழனிமுத்துதான் என்னிடம் சொன்னார். அப்பாவுக்கு விஷயம் முழுதாகத் தெரியாது.

அந்த வருடம் டிசம்பரில் கொப்பியின் புதிய பதிப்பு வெளிவந்தது. உழைத்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் பிழை பார்க்க எனக்கு அனுப்பியிருந்தார்கள். என் பெயருக்குக் கீழே ஒரு வரி புதிதாக இருந்தது: 'துண்டுகளாகப் பதிவிறக்கும் முறை — மீனாம்பிகை, ஆசிரியை, கிளிநொச்சி.' சந்திரகாந்தா சேர்த்தது. இது யார், எங்கள் குழுவில் எப்போது சேர்ந்தவர் என்று இராசலிங்கம் எல்லோருக்கும் எழுதிக் கேட்டார். சந்திரகாந்தா மூன்று கடிதங்களையும் அப்படியே அவருக்கு அனுப்பிவைத்தார், கூட ஒரு சொல்லும் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து இராசலிங்கத்தின் பதில் வந்தது.

"பேரை மேல போடுங்கோ. முதலாவதா."