கெட்டி எண்ணெய்

செம்பாக்கம் ஏரிக்குப் போகும் வழியில் அயூப்பின் மெக்கானிக் கடை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் அவனிடம் காட்டுவார்கள். இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்பான். எடுக்கலாம் அல்லது வேண்டாம் என்பான். அதற்குக் கூலி வாங்கியதில்லை. அவன் பேச்சை நம்பித்தான் மற்ற வேலைகளும் வந்தன.

2007இல் தங்கை குல்ஷனின் கணவன் அக்தருக்குத் துபாய் விசா வந்தது. கிளம்புவதற்குள் அவன் பைக்கை விற்க வேண்டும். இன்ஜின் தேய்ந்து நீலப் புகை விட்டது.

"அம்பது ஊத்து மச்சான்," என்றான் அக்தர்.

அந்த வண்டிக்கு உரிய எண்ணெய் 20W-40. மெக்கானிக்குகளுக்கு அது நாற்பது. 20W-50 அதைவிடக் கெட்டி. தேய்ந்த இன்ஜினில் ஐம்பதை ஊற்றினால் கொஞ்ச காலம் புகையும் சத்தமும் அடங்கும். விற்கப்போகும் வண்டிக்குப் பலர் செய்வதுதான். அயூப் செய்ததில்லை.

"ஊரே ஊத்துது. நீ மட்டும் இன்னா, பெரிய மகானா, அவுலியாவா?"

குல்ஷன் வாசலில் நின்றிருந்தாள். அண்ணன் முகத்தையே பார்த்தாள். அயூப் ஊற்றினான்.

வாங்க வந்தவர் சாலமோன், சேலையூரில் கணக்கு வாத்தியார். அயூப்பின் பழைய வாடிக்கை.

"உங்க மச்சான் வண்டின்னுதான் வந்தேன் பாய். நீங்க சொல்லுங்க."

அயூப் குனிந்து கேட்டான். "சத்தமில்ல சார். எடுக்கலாம்."

மூன்று மாதம் கழித்து எண்ணெய் மாற்ற வந்தார். "இப்ப எது இருக்கு? அதையே போடுங்க."

நாற்பதை ஊற்றினால் அன்று சாயங்காலமே புகை வந்துவிடும்.

"அம்பது சார்."

சாலமோன் சட்டைப்பையிலிருந்து சின்ன டைரியை எடுத்து எழுதிக்கொண்டார். நல்லதென்று தெரிந்ததைத் தனக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவர் அவர். ஞாயிறு சர்ச்சில் ஆராதனை முடிந்து வண்டியைக் கிளப்புபவர்களிடம் எல்லாம் ஐம்பதைப் பற்றிச் சொன்னார். சிலர் டின்னோடு வந்தார்கள். எல்லாம் பழைய வண்டிகள். பெரிய கெடுதல் இல்லை என்று அயூப் ஊற்றிக்கொடுத்தான்.

அடுத்த வருஷம் அதே சபையைச் சேர்ந்த ஆஸ்டின் வந்தான். புது பைக், கையில் 20W-50 டின் ஒன்று.

"புக்குல இன்னா போட்டுகீது?" என்று அயூப் கேட்டான்.

"டென் டபிள்யூ தேர்ட்டி. ஆனா அம்பதுதான் பெஸ்ட்டுன்னு சாலமோன் அங்கிள் சொன்னாருண்ணா."

"புக்குல இருக்கிறத ஊத்து. புது இன்ஜினுக்குத் தண்ணி மாதிரி எண்ணெய்தான் வோணும். கெட்டியா ஊத்தினா காலைல ஸ்டார்ட் பண்ணா எண்ணெய் மேல ஏறதுக்குள்ள இன்ஜின் உள்ள தேஞ்சிடும்."

"அப்ப அங்கிள் வண்டிக்கு மட்டும் ஏன் அம்பது?"

அயூப் கையைத் துணியில் துடைத்தான். டின்னை வாங்கி ஊற்றிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். வண்டி சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

"அது தேஞ்ச வண்டி," என்றான். "அவரு வாங்கும்போதே."

ஆஸ்டின் டின்னைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான்.

மறுநாள் பள்ளி விட்டதும் சாலமோன் வந்தார். ஆஸ்டின் சொல்லியிருந்தான். ஆனாலும் அவர் கத்தவில்லை.

"நாப்பது ஊத்துங்க."

"சார், அது வந்து..."

"இந்த வண்டிக்கு எது உண்டோ அத ஊத்துங்க பாய்."

அயூப் பழைய எண்ணெயை வடித்துவிட்டு நாற்பதை ஊற்றினான். சாலமோன் தானே உதைத்து ஓடவிட்டு, சூடேறும்வரை பக்கத்தில் நின்றார். புகை முதலில் மெல்லிய நூலாக வந்தது. ஆக்சிலரேட்டரை முறுக்கினார். கடை முழுக்க நீலமாகியது. அவர் நகரவில்லை. சட்டையில் சாக்பீஸ் தூள் இருந்தது.

"அன்னிக்கே வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சரின்னு போயிருப்பேனே பாய்."

சாலமோன் புகையோடேயே வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனவர்கள், முன்பு டின்னோடு வந்தவர்களும்கூட, கடையைத் தாண்டிப் போனார்கள். ஆஸ்டினும் போனான். அயூப்பைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். வண்டியை நிறுத்தவில்லை.