லைன் காக்கும் மலர்க்கொடி

லைன் என்ற சொல்லுக்கு இங்கிலீசில் முதலில் நூல் என்றுதான் அர்த்தமாம். ஆளிச்செடி நாரைத் திரித்த நூல். அதை இழுத்துக் கட்டி நேர் பார்த்ததால், பிறகு கோட்டுக்கும் அதே பேர் வந்துவிட்டதாம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து சோபியா டீச்சர் சொன்னாள். இருக்கட்டும். எங்கள் காவாந்தண்டலத்துக்கு அது நூலாக வரவில்லை, கரண்டுக் கம்பியாகத்தான் வந்தது. கண்ணால் பார்த்தவள் நான், என்னை யாரும் திருத்த வேண்டாம். அப்புறம்தான் ரேஷன் கடையில் நிற்பது லைன், போனில் காத்திருப்பது லைன், பெண் பின்னால் சுற்றினால் லைன் விடுவது என்று ஊரெல்லாம் பரவியது.

மலர்க்கொடிக்கு லைன் என்றால் அவள் புருஷன் பெருமாள் கைவைக்கிற கம்பி. திருப்புட்குழியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். நடவு, களை என்று எதற்குக் கூப்பிட்டாலும் வருவாள். பெருமாள் மின்வாரிய ஒப்பந்தத்தில் கம்பம் ஏறுகிறவன். அவன் ஏறுகிற நாளில் மட்டும் வர மாட்டாள். டிரான்ஸ்பார்மர் கைப்பிடியை இறக்கினால் லைனில் கரண்டு நின்றுவிடும். அவன் அதை இறக்கி, அதிலேயே தன் துண்டை முடிந்துவிட்டுப் போவான். அவள் கீழே உட்கார்ந்துகொள்வாள். முடிந்தவனே வந்து அவிழ்க்க வேண்டும். அவசரக்காரர்கள் தாங்களே கைப்பிடியை ஏற்றிவிடுகிற ஊர் இது என்று அவளுக்குத் தெரியும்.

போன பங்குனியில் எங்கள் நெல் பால் பிடிக்கிற நேரம். மோட்டாருக்கு வரும் கரண்டு மதியத்தோடு போய்விடும். என் மகன் வெங்கடேசன் டிரான்ஸ்பார்மரடிக்கு விறுவிறுவென்று போனான். பின்னாலேயே நானும் போனேன்.

“எய்ந்திரு மலரு. பெருமாளு கம்பத்தவுட்டு எறங்கிட்டான், நானே பாத்தேன். லைன் போடணும்.”

“அவரு வரட்டும்ணா.”

“பயிரு காயுது! இன்னா, உங்கப்பன் வூட்டு லைனா இது?”

“இல்லண்ணா. எங்க வூட்டுக்காரரு புடிச்சிக்கினு கீற லைனு.”

அவள் பெருமாளுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை.

“எங்கனா குந்திக்கினு பீடி புடிச்சிக்கினு இருப்பான்” என்று வெங்கடேசன் துண்டின் முடிச்சில் கைவைத்தான். அவள் பாய்ந்து எழுந்து, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து முழு உடம்பாலும் தொங்கினாள். இவன் அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். காய்கிறது என் பயிரும்தான்.

“டேய், கைய எடுடா. போனா போவுது நெல்லு” என்று நானும் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

“நீ வேற பேஜார் பண்ணாதம்மா!”

அப்போது சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கமிருந்து, உயரத்திலிருந்து, ஒரு குரல் வந்தது.

“மலரு! கட்டிங் பிளேயரு கீய வுய்ந்துட்ச்சி! யாரையாச்சும் அனுப்பு!”

ஒரு கம்பத்தில் இறங்கினவன் அடுத்த கம்பத்தில் ஏறியிருக்கிறான். சவுக்கு நுனிகளுக்கு மேலே, கம்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு தொங்குகிறான்.

வெங்கடேசன் கை நழுவியது. அங்கேயே குந்திவிட்டான். மலர்க்கொடிக்கு மூச்சு வாங்கியது.

“நீங்கதாண்ணா சும்மா கீறீங்க. போயி எடுத்துக் குடுத்துட்டு வாங்க.”

அவன் வரப்பில் இறங்கி நடந்தான். அவள் கைப்பிடியை விடவில்லை.