திரையை இருட்டாக்கும் வழி

எனக்குக் கண் போனது ஒரே நாளில் அல்ல. அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தேன். தைத்து வரும் துணியை மேசையில் விரித்துப் பார்த்து, கறையோ ஓட்டையோ இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். முதலில் ஓட்டைகள் என் கண்ணுக்குத் தப்பின, அப்புறம் கறைகள். ஒரு நாள் சூப்பர்வைசர், நான் சரியென்று அனுப்பிய துணிகளை அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்து என் முன்னால் கொட்டினார். "ஏனுங்க, தூங்கிட்டா பாக்கறீங்க?" என்றார். விழித்திரை கெட்டுக்கொண்டே வருகிறது, மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு முப்பத்தொரு வயது. அடுத்த ஐந்து வருஷத்தில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. இப்போது அதுவும் இல்லை.

கம்ப்யூட்டரையும் போனையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாருமே பார்வையில்லாதவர்கள். பார்வை இருப்பவர் "அந்தப் பச்சை பட்டனை அமுக்குங்க" என்பார். எங்கள் ஆள் "இடமிருந்து வலமா மூணு தடவை தள்ளுங்க, பேரில்லாத பட்டன்னு சொல்லும், அதுல ரெண்டு தட்டுங்க" என்பார். எங்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கத்து ஆட்கள். எழுத்து கிடையாது, எல்லாம் குரல் பதிவுதான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு யாராவது ஒருவர் ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுப்பார், மற்றவர்கள் சந்தேகம் கேட்பார்கள். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஊர்தான் பெயர். நான் துடியலூர் அக்கா. மூன்று வருஷத்தில் நானும் சொல்லிக்கொடுக்கிறவளாக ஆகியிருந்தேன்.

தொண்டாமுத்தூர்க்காரி குழுவுக்கு வந்தபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பிறவியிலேயே பார்வை இல்லை. ஊருக்கு வெளியே தென்னந்தோப்புக்குள் இருக்கும் சாளை வீட்டில் அண்ணன் குடும்பத்தோடும் அம்மாவோடும் இருந்தாள். கேள்வி மேல் கேள்வி கேட்பாள். போன் பேசும் வேகத்தைக் கூட்டுவது எப்படி என்று சொன்ன வாரமே எங்கள் எல்லாரையும் விட வேகமாக வைத்துக்கொண்டாள். அந்த வேகத்தில் போன் பேசினால் பார்வை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தையும் புரியாது. "எண்ணெயில கடுகு பொரியற மாதிரி இருக்குங்க்கா" என்று சிரித்தாள்.

ஒரு நாள் குழுவில் பேசாமல் எனக்குத் தனியாகப் பதிவு அனுப்பியிருந்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

"அக்கா, நான் போன் பாக்கறப்ப அண்ணி பின்னால வந்து நின்னு எனக்கு வர்றதையெல்லாம் படிக்கறாங்க. இயர்போன் போட்டாலும் திரையில எழுத்துத் தெரியுதில்லீங்களா. நேத்து சோறு திங்கறப்ப எல்லார் முன்னாலயும் ஒண்ணைப் படிச்சுச் சிரிச்சாங்க. ஒருத்தர் எங்கிட்ட அன்பாப் பேசறாருங்க்கா. அதைத்தான் படிச்சாங்க."

போனில் திரையை மறைக்கும் வசதி உண்டு. அதைப் போட்டால் கண்ணாடி முழுக்கக் கறுப்பாகிவிடும். உள்ளே எல்லாம் வேலை செய்யும், நமக்கு மட்டும் கேட்கும். அதை எப்படிப் போடுவது என்று இரண்டு நிமிஷப் பதிவில் சொல்லி அனுப்பினேன். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. "போட்டுட்டேனுங்க்கா. அண்ணி வந்து பாத்துட்டு, போன் கெட்டுப்போச்சான்னு கேக்கறாங்க. ஆமாங்கன்னு சொல்லிப்போட்டேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த ஞாயிறே அதைக் குழுவில் பாடமாக எடுத்தேன். பாதிப் பேர் அன்றே போட்டுக்கொண்டார்கள்.

நான் சொல்ல வந்தது அதற்கு நாலைந்து மாதம் கழித்து நடந்தது. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரேஷன் கார்டு விவரத்தைப் போனில் பார்ப்பது எப்படி என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தே முக்காலுக்குத் தொண்டாமுத்தூர்க்காரியிடமிருந்து குழுவில் ஒரு பதிவு வந்தது. நான்கு வினாடி. "அக்கா" என்பது போல ஒரு சத்தம், வார்த்தை குழைந்து இழுத்தது, அப்புறம் மூச்சு, ஏதோ உரசும் ஒலி. அவள் ஊர் மலையடிவாரம், டவர் சரியாகக் கிடைக்காது. "சரியா கேக்கல கண்ணு, மறுக்கா அனுப்பு" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். வேறொருவர், "காலையிலயே தூக்கத்துல பேசுதுங்க புள்ள" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குள் தோப்பில் நடந்ததை அவள் அம்மா பின்னால் சொன்னார். அண்ணனும் அண்ணியும் கருமத்தம்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து போனில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறாள். வாய் கோணியிருந்தது. வலது கை தொங்கியது. அம்மாவிடம் போன் கிடையாது. ஆனால் மகனுக்குப் போன் போடத் தெரியும், மகன் படத்தைத் தொட்டால் போதும் என்று பேத்தி சொல்லிக்கொடுத்திருந்தாள். மகளின் கையிலிருந்த போனை எடுத்தார். கண்ணாடி கறுப்பாக இருந்தது. தேய்த்தார், தட்டினார். போன் கடகடவென்று எதையோ சொன்னது, ஒன்றும் விளங்கவில்லை. அதைப் போட்டுவிட்டுப் பக்கத்துத் தோப்புக்கு ஓடினார். யானை வராமலிருக்க இரண்டு தோப்புக்கும் நடுவே அகழி வெட்டியிருக்கிறார்கள், சுற்றித்தான் போக வேண்டும். எழுபது வயதுக்காரி. ஆள் கிடைத்து, கார் வந்து, கோயமுத்தூர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதற்குள் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் தாண்டிவிட்டது என்றார்களாம். உயிர் தங்கியது. பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன.

இரண்டு மாதம் கழித்து, அவளைத் தோப்புக்குக் கூட்டி வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் பார்க்கப் போனேன். காந்திபுரத்தில் பஸ் மாறி, கடைசியில் ஆட்டோ. அவள் அம்மா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலருகே உட்காரவைத்தார். அதுவரை நாங்கள் நேரில் சந்தித்ததே இல்லை. நான் பேசியதும் அவள் இடது கை என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. அவள் தொண்டையிலிருந்து வந்தது ஒரே சத்தம்தான், "த்தா" என்பது போல. எதற்கும் அதுவே. அதை என்னால் அவள் குரலாக அடையாளம் காண முடியவில்லை. எனக்கு அவளென்றால் குரல்தான்.

"போனு சார்ஜ் தீந்துபோச்சுன்னு நெனச்சுப்போட்டனுங்க அம்மிணி," என்றார் அம்மா. "அதோட மொகம் கறுத்துக் கெடந்துச்சு. நான் அமுக்கத் தெரியாம என்னத்தையோ அமுக்கிக் கெடுத்துப்போட்டேன். பையன் கேக்கறான், ஏம்மா எனக்கு ஒரு போன் போடக்கூடாதான்னு. நான் என்ன சொல்லட்டுங்க."

நான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் ஒன்றும் கெடுக்கவில்லை, அதைக் கறுப்பாக்கச் சொன்னது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். "விடுங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். கட்டிலில் இருந்தவளுக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. என் மணிக்கட்டிலிருந்த கை தளரவும் இல்லை, இறுகவும் இல்லை.

அவள் போனைக் கேட்டு வாங்கி, இடது கை ஆள்காட்டி விரலால் தள்ளப் பழக்கிப் பார்த்தேன். வேகத்தைப் பாதியாகக் குறைத்து வைத்தேன். நாலைந்து தடவை தள்ளினாள். அன்பாகப் பேசுகிறவர் என்று அவள் சொன்ன ஆளின் பெயரைப் போன் வாசித்தது. கேட்காத பதிவுகள் பதினொன்று என்றது. அவள் போனை என் மடியில் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பின் என் கையைப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் கழித்து அவள் அண்ணனுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் வீட்டில் ஏன் திரையை இருட்டாக்க வேண்டி வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"நீங்க நல்லதுக்குத்தானுங்க சொல்லியிருப்பீங்க," என்றார். "நீங்க என்னங்க பண்ணுவீங்க. வெச்சுடறனுங்க."

அவ்வளவு மரியாதையாகத்தான் பேசினார். அன்றிலிருந்து என் அழைப்பை அவர் எடுப்பதில்லை.

குழுவில் ஒரு பாடம் எடுத்தேன். நம் போனைப் பார்வை உள்ளவர் அவசரத்துக்கு எப்படி எடுத்துப் பேசுவது என்று. ஒலி கூட்டும் பட்டனையும் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தால் பேசும் வசதி நிற்கும், திரையும் தெரியும், இன்னின்ன போனில் இப்படி அப்படி, இன்றைக்கே வீட்டில் ஒருவருக்காவது செய்து காட்டுங்கள். ஏழு தடவை பதிவு செய்து ஆறை அழித்தேன். ஏன் இதைச் சொல்கிறேன் என்பதையும் சொன்னேன். அந்த நான்கு வினாடியையும் சொன்னேன். வழக்கமாக ஒரு பாடம் முடிந்ததும் நன்றி சொல்லிப் பதிவுகள் வரிசையாக வந்து விழும். அன்று சாயங்காலம் வரை ஒன்றும் வரவில்லை.

முதலில் பேசியவர் ஈரோட்டுப் பக்கத்து வாத்தியார் ஒருவர். "நீங்க சொல்றது சரிங்க. ஆனா நான் திரையைத் திறந்து வெக்க மாட்டேன். எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதானுங்க."

என் போனும் இன்றுவரை கறுப்பாகத்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு அதைத் திறக்கும் வழியைச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டு, "செரி, தெரிஞ்சுது" என்று டிவி பார்க்கப் போய்விட்டார். மறுநாள் கேட்டபோது அவருக்கு மறந்துபோயிருந்தது. மறுபடி சொல்லிக்கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பாடங்கள் நடக்கின்றன. நாம் அனுப்பிய பதிவை யார் யார் கேட்டார்கள் என்று போன் பட்டியல் சொல்லும். ஒவ்வொரு வாரமும் விரலால் தள்ளித் தள்ளி அதை முழுசாகக் கேட்கிறேன். தொண்டாமுத்தூர்க்காரியின் பெயர், பதிவு யாருக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்ற வரிசையில் இருக்கிறது. கேட்டவர்கள் வரிசையில் இல்லை. அவளைப் போய்ப் பார்த்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னொரு தடவை போக வேண்டும் என்றுதான் இருக்கிறேன்.