ஓம் என்று போடச் சொன்னவள்

என் மனைவி சிவகௌரிக்கு லண்டன் இல்ஃபோர்டில் 'ஃபோர்ம் அக்கா' என்று பெயர். பகல் முழுக்க டொக்டர் சேர்ஜரியில் வரவேற்பு மேசை. வீட்டுக்கு வந்தால் யாராவது ஒருவர் கவுன்சில் கடிதத்தோடு எங்கள் சோபாவில் இருப்பார். அரசாங்கப் பெனிபிட்டோ, பாஸ்போர்ட்டோ, எந்தப் படிவமென்றாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இதில ஓம், இதில இல்லை" என்று பேனையால் தட்டிக் காட்டுவாள். முப்பது வருடத்தில் ஒருவருக்கும் பிழை வந்ததில்லை. அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. நானே அவளைக் கேட்காமல் ஒரு பார்சலுக்குக் கூடக் கையெழுத்துப் போடுவதில்லை.

அவள் இந்த நாட்டுக்குள் வந்தது பாரிஸில் இருந்த வேறொருத்தியின் பாஸ்போர்ட்டில். எங்கள் சனத்துக்குப் பெயர் என்பது குடை மாதிரி. மழைக்கு இரவல் கொடுப்போம், மழை விட்டதும் திருப்பி வாங்குவோம். ஒருவர் பெயரில் இன்னொருவர் வீடு எடுத்திருக்கிறார், வேலை செய்திருக்கிறார். அதைப் பொய் என்று யாரும் சொன்னதில்லை. உதவி என்றுதான் சொன்னோம்.

போன வருடம் ஒரு ஞாயிறு மத்தியானம் அவளுடைய தம்பி நிசாந்தன் அமெரிக்காவிலிருந்து போன் எடுத்தான். ஒஹாயோவில் பெற்றோல் ஷெட் நடத்துகிறான். அந்தக் கிழமைதான் ஒருவன் முகத்தை மூடிக்கொண்டு வந்து அவன் நெஞ்சில் துவக்கை வைத்துவிட்டுப் போயிருந்தான். தனக்கும் ஒரு பிஸ்டல் வேண்டும் என்றான். பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் ஒருவர் தன்னுடையதை விற்கத் தயாராக இருந்தார். ஆனால் மாநிலம் வேறு என்றால் நேரே கைமாற்ற முடியாது. அதை ஒஹாயோவில் உள்ள லைசென்ஸ் கடைக்கு அனுப்ப வேண்டும். அங்கே நிசாந்தனைப் பற்றி விசாரித்த பிறகுதான் கொடுப்பார்கள்.

"என்ர பேப்பர் ஒண்டில பேர் பிழையாக் கிடக்கு அக்கா. இழுத்தடிப்பாங்கள்."

"றொமேஷ் பென்சில்வேனியாவிலதானே இருக்கிறான்? அவன் தன்ர பேரில வாங்கி உன்னட்டைத் தரட்டுமன்," என்றாள் இவள், கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே.

றொமேஷ் அவளுடைய பெரியம்மாவின் மகன். அக்கா கிணற்றில் குதி என்றாலும் குதிப்பான். அடுத்த ஞாயிறு பென்சில்வேனியாத் துவக்குக் கடையில் விற்கிறவரோடு நின்றபடி படிவத்தைப் படமெடுத்து அனுப்பினான். உண்மையில் வாங்குகிறவர் நீங்கள்தானா என்று ஒரு கேள்வி. வேறொருவருக்காக வாங்கினால் நீங்கள் வாங்குகிறவர் இல்லை என்ற எச்சரிக்கை அதற்கு அடியிலேயே இருந்தது.

"இதுக்கு என்ன போட அக்கா?"

"ஓம் எண்டு போடு. ஒருத்தரும் வந்து பாக்கமாட்டினம்."

மூன்று மாதத்தில் அந்தப் பிஸ்டல் பெற்றோல் ஷெட் மேசை லாச்சியிலிருந்து களவு போனது. நிசாந்தன் ஒழுங்காகப் பொலிஸில் சொன்னான். அவர்கள் துவக்கின் இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு றொமேஷின் படிவத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இருவர் மீதும் வழக்கு. இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நிசாந்தன் அமெரிக்கப் பிரஜை. தண்டனை முடிந்தால் வீட்டுக்கு வருவான். றொமேஷிடம் இருப்பது கிரீன் கார்ட் மட்டும். இரண்டு குழந்தைகளை அங்கே விட்டுவிட்டு அவனை நாட்டைவிட்டே அனுப்பக்கூடும் என்றார் வக்கீல்.

அதன் பிறகு யார் கடிதத்தோடு வந்தாலும், "எனக்கு விளங்கேல்லை, வேற ஆரிட்டையும் காட்டுங்கோ" என்று அனுப்பிவிடுவாள். வெள்ளிக்கிழமைகளில் ரயிலேறி வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய் றொமேஷின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தாள். தன் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டாள். ஐயரே ஒருநாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

தீர்ப்புக்கு முன் நீதிபதிக்குக் கொடுக்க உறவினர்களிடம் கடிதம் கேட்டார் வக்கீல். சொந்தக்காரர் எல்லாருக்கும் இவள்தான் எழுதிக் கொடுத்தாள். றொமேஷ் நல்லவன், பொறுப்பானவன் என்று ஒன்பது கடிதங்கள். தன்னுடையதை மட்டும் எழுத முடியவில்லை.

"நான்தான் சொல்லிக் குடுத்தனான் எண்டு எழுதப்போறன்," என்றாள் கடைசியில்.

"உமக்கென்ன விசரே? இனி அமெரிக்காக்காரங்கள் உமக்கு விசாவே தரமாட்டாங்கள். சனம் என்ன கதைக்கும்?" என்றேன் நான். இப்போது அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவள் றொமேஷுக்குப் போன் போட்டாள். அவன் பதறிப்போனான்.

"வேண்டாமக்கா. நீங்கள் சொன்னதெண்டு நான் வக்கீலுக்குக்கூடச் சொல்லேல்லை. கையெழுத்து என்ர. உங்கட பேர் இதுக்குள்ள வரக்கூடாது."

போனை வைத்துவிட்டு அப்படி அழுதாள். "இப்பவும் பாருங்கோ, எனக்காகத் தன்ர பேரைத்தான் குடுக்கிறான்."

பிறகு எழுந்து போய்க் கடிதத்தை எழுதி, வழக்கம்போல எழுத்துப்பிழை பார்க்க என்னிடம் நீட்டினாள். ஐந்தே வரி. அதில் முதல் மூன்று இப்படி: அந்தக் கேள்விக்கு ஓம் என்று போடச் சொன்னது நான். அவன் தெரியாமல் கேட்டான். நான் அடியில் இருந்த எச்சரிக்கையை வாசித்துவிட்டுத்தான் சொன்னேன்.

உண்மையில் அந்த எச்சரிக்கையை அவள் வாசிக்கவில்லை. றொமேஷ் படம் அனுப்பிய அன்றைக்கு அவள் கை முழுக்க மீன் கழுவிய ஈரம், கண்ணாடி மேல்மாடியில். "இஞ்சருங்கோ, அடியில என்ன போட்டிருக்கு?" என்று சோபாவில் இருந்த என்னிடம்தான் கேட்டாள். முழுவதையும் வாசித்துச் சொன்னவன் நான். "இவங்களுக்கு வேற வேலையில்லை," என்று சிரித்தவனும் நான்தான். கடிதத்தில் என் பெயர் எங்கும் இல்லை.

பிழை ஒன்றும் இல்லை என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் முடிந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். நான் பேனையை எடுத்து அந்த மூன்றாவது வரியை வெட்டிவிட்டு, வாசித்தது நான் என்று எழுதி, என் முழுப் பெயரையும் போட்டேன்.