ஏழாம் மாடியில் மூன்றாம் நாள்

நான் பொய் சொன்னேன். ஒரு குளியலுக்காகச் சொன்னேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் பதவி உயர்வு தருகிறேன் என்று ஆசை காட்டவில்லை. வெந்நீர் நிரம்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைத் தொட்டி... அவ்வளவுதான். அதற்காக, விரல்களை இழந்து கிடந்த ஒருத்திக்காகப் பேச இருந்த ஒரே வாயை நான் அடைத்தேன். மூன்று வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்களை எனக்குத் தெரியாது என்பதால்தான் சொல்ல முடிகிறது.

2012. ஒரகடத்தில் கார்க் கதவுகளுக்கான தகடுகளை அடித்துக் கொடுக்கும் ஆலை. அங்கே நான் பெண் தொழிலாளர்களின் நல அலுவலர். நலம்! அந்தச் சொல்லைக் கழுத்தில் அட்டையாகத் தொங்கவிட்டுக்கொண்டு எட்டு வருடம் நடந்திருக்கிறேன்.

எங்கள் பழைய பிரஸ் எந்திரங்களில் இரண்டு பச்சைப் பொத்தான்கள் இருக்கும். இரண்டையும் இரண்டு கைகளாலும் ஒன்றாக அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். கை உள்ளே சிக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் இரண்டு கைகளும் பொத்தானில் இருந்தால் எண்ணிக்கை ஏறாது. அதனால் ஒரு பொத்தானை டேப் போட்டு அமுக்கி ஒட்டிவிடுவார்கள். ஒரு கை அழுத்தும், ஒரு கை தகட்டை எடுக்கும். டேப் சுருளை ஷிஃப்ட் தொடக்கத்தில் சூப்பர்வைசரே கொண்டுவந்து கொடுப்பார். ஆடிட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் அவரே வந்து பிய்த்தெடுப்பார். பசையின் தடம் துடைத்தாலும் போகாது, பொத்தானைச் சுற்றிச் சாம்பல் வளையமாக நிற்கும்.

எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். எல்லாருக்கும் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பவானியின் வலது கையில் நான்கு விரல்கள் போயின. பிள்ளைப்பாக்கத்துப் பெண். அவள் வீட்டார் கேழ்வரகு விதைத்த நிலத்தின்மேல் இப்போது யாருடைய கிடங்கோ நிற்கிறது. அடுத்த எந்திரத்தில் நின்றவள் ஜெசிந்தா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, பவானியின் வீட்டு மாடியிலேயே வாடகைக்கு இருந்தவள். ஒரே பாத்திரத்தில் சோறு கட்டிக்கொண்டு வருவார்கள் இரண்டு பேரும்.

நடந்ததை முழுதாகப் பார்த்தவள் ஜெசிந்தா மட்டுமே. மருத்துவ அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“‘டேப்பு வேணாம் சார், மிசினு நேத்துலேர்ந்து தன்னால எறங்குது’ன்னு பவானி சொன்னா, அக்கா. சூப்பர்வைசருதான், ‘டார்கெட்டை உங்கப்பனா வந்து முடிப்பான்’னு கேட்டு, அவரு கையாலயே ஒட்டுனாரு. நான் பாத்தேன். எங்க வேணா வந்து சொல்லுதேன்.”

அவள் சட்டைக் கையில் பவானியின் ரத்தம் இருந்தது.

ஒரு மணி நேரத்தில் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். “அந்தப் பொண்ணு அதிர்ச்சியில இருக்கா மேடம். ரெண்டு நாள் ஓட்டல்ல வெச்சு ரெஸ்ட் குடுங்க. நீங்க கூடவே இருங்க” என்றார். பிறகு ஒரு தாளை நீட்டினார். பவானி தானாகவே டேப் ஒட்டிக்கொண்டாள் என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. கீழே ஜெசிந்தாவின் பெயரும், கையெழுத்துக்கு ஒரு கோடும்.

உள்ளே போகும்போது கைப்பேசியை கேட்டில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்வது எங்கள் ஆலை வழக்கம். ஜெசிந்தாவைப் பின்வாசல் வழியாகக் காரில் ஏற்றினேன். அவள் கைப்பேசி கேட்டிலேயே தங்கிவிட்டது. அவள் கையில் இருந்தது டோக்கன் மட்டும்... பதினேழு என்று போட்ட ஒரு தகர வட்டம்.

அந்த ஓட்டலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நெடுஞ்சாலையோரம், ஏரியைப் பார்த்தபடி, கொரியாக்காரர்களும் ஜப்பான்காரர்களும் மாதக்கணக்கில் தங்குகிற இடம். பேருந்தில் போகும்போது அதன் கண்ணாடிகளில் என் பேருந்து நெளிந்து போவதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். உள்ளே போனதில்லை. ஏழாம் மாடியில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து அறைகள். நடுவில் ஒரு கதவு.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாக்காகச் சொல்லவில்லை... சாக்காகத்தான் சொல்கிறேனோ? எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. அதுவரை ஓர் அறையில் நான் தனியாகத் தூங்கியதே இல்லை. பிறந்த வீட்டில் அக்கா தங்கைகள், புகுந்த வீட்டில் எல்லாரும். சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் எங்கள் வீட்டுக் குளியலறையில் நான் நுழைந்த மூன்றாம் நிமிடம் யாராவது கதவைத் தட்டுவார்கள். இருபது வருடமாக, தட்டப்படப்போகும் கதவைப் பார்த்துக்கொண்டே குளித்தவள் நான்.

அன்று மாலை அந்த வெள்ளைத் தொட்டியில் படுத்தேன். வெந்நீர் கழுத்துவரை ஏறியது. என் உடம்புக்கு எடை இல்லை என்று தெரிந்தபோது அழுதேன். யாருக்காக? பவானிக்காக என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை! சுகத்தில் அழுதேன்.

வெளியே வந்தால் உணவு காத்திருந்தது. தட்டில் மூடி போட்டு, மூடியைத் தூக்கினால் ஆவி பறக்க... நான் சமைக்காத சோறு! காலையில் ஒரு கூடம் நிறையப் பலகாரங்கள். முட்டையை எப்படி வேண்டும் என்று கேட்டார்கள். முட்டையை எனக்கு எப்படிப் பிடிக்கும் என்பதே எனக்குத் தெரியவில்லை.

ஜெசிந்தா தயிர்ச்சோறு மட்டும் சாப்பிட்டாள். அவளிடம் மாற்றுத் துணி கிடையாது. சீருடையின் ரத்தத்தைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு, ஓட்டல்காரர்கள் வைத்திருந்த பெரிய வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். கை, கால் ஒன்றும் தெரியவில்லை.

“எங்க பங்குச் சாமியார் கணக்கா இருக்கேம்லாக்கா? முழங்கால் போடுங்க, பாவத்தைச் சொல்லுங்க” என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அன்றைக்கே முழங்கால் போட்டிருக்கலாம்.

என் வீட்டுக்காரர் போன் செய்தார். “இன்னாமே, எப்ப வருவே? வூட்ல அம்மா மூஞ்சத் தூக்கினு குந்திக்கினு கீது. சோறு யாரு ஆக்கறது?”

“ஆபீஸ் வேலைங்க.”

“ஓட்டல்ல இன்னா ஆபீஸ் வேலை? பூரி சுடறியா?”

போனை வைத்துவிட்டு அந்த மெத்தையில் குறுக்காகப் படுத்தேன். குறுக்காக! ஏனென்றால் படுக்க முடிந்தது.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு, மேலாளர் கொடுத்த தாளை ஜெசிந்தாவிடம் நீட்டினேன். எழுத்துக் கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தாள். நான்காகக் கிழித்தாள். கிழித்ததைக் கோபமாக எறியக்கூட இல்லை, தேநீர்த் தட்டில் அடுக்கிவைத்தாள்.

“பவானியோட அம்மா கை, எனக்குக் கொழம்பு ஊத்துன கை, அக்கா. அதுக்கு நான் துரோகம் செய்ய மாட்டேன். விசாரிக்க பாக்டரி இன்ஸ்பெக்டர் என்னைக்கு வாராரு? அன்னைக்கு என்னைக் கூட்டிட்டுப் போயிருங்க, போதும்.”

“கூட்டிட்டுப் போறேன்” என்றேன். அப்போது அது பொய்யில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் அது பொய்யில்லை.

என் அறைக்கு வந்து தொட்டியின் குழாயைத் திறந்தேன். தண்ணீர் நிரம்பத் தொடங்கியது. மேலாளர் அழைத்தார்.

“கையெழுத்து ஆச்சா மேடம்?”

“இல்லை சார்.”

“போடுவாளா, மாட்டாளா? கரெக்டா சொல்லுங்க. கேட்ல, ‘அந்தப் பொண்ணு எங்கே’ன்னு கேட்டுக்கினு நிக்கறாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். மாட்டேன்னா இப்பவே கூட்டினு வந்துடுங்க. அடைச்சு வெச்சோம்னு பேர் வந்தா என் தலைதான் உருளும். வந்து சொல்றத சொல்லட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.”

கேட்டீர்களா? கூட்டி வந்துவிடுங்கள் என்றார் அவர்! இந்தக் கதையில் கெட்டவனாக நான் எழுதிவிடக்கூடிய அந்த மனிதரே கதவைத் திறந்துவிட்டார்.

மாட்டாள் சார் என்று இரண்டு சொல் சொன்னால் போதும். அரை மணியில் கார் வந்திருக்கும். நான் வீடு போயிருப்பேன். அடுப்பு, மாமியாரின் முகம், மூன்று நிமிடக் கதவு... குளியலறையிலிருந்து தண்ணீரின் சத்தம் மெல்ல ஆழமாகிக்கொண்டிருந்தது. பாதித் தொட்டி நிறைந்துவிட்டால் சத்தம் அப்படித்தான் மாறும் என்று ஒரே நாளில் கற்றிருந்தேன்.

“மனசு மாறிக்கிட்டே வருது சார்” என்றது என் வாய். “நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள போட்டுடுவா. இன்னும் ஒரு நாள் இருக்கட்டும்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா சார்.”

பக்கத்து அறையில் நான்கு துண்டுகள் தேநீர்த் தட்டில் கிடந்தன.

மறுநாள் எட்டு மணிக்கே சீருடையும் பின்னிய தலையுமாக ஜெசிந்தா நின்றாள். “வண்டி எப்பக்கா வரும்?” தொழிற்சாலை ஆய்வாளர் வருவது வெள்ளிக்கிழமைக்கு மாறிவிட்டது என்றேன். உடனே நம்பினாள். என்னை அக்கா என்று கூப்பிட்டவள்... நம்பாமல் என்ன செய்வாள்!

பத்து மணிக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா? ஓட்டலின் முதல் மாடியில், ரோஜா இதழ் மிதக்கும் பித்தளைத் தாம்பாளத்தில் கால்களை நனைத்தபடி, சாய்வு நாற்காலியில். மணிப்பூர்ப் பெண் ஒருத்தி என் குதிகாலின் வெடிப்புகளில் எண்ணெய் தேய்த்தாள். “நிறைய நடக்கிறீர்களா?” என்று அரைகுறைத் தமிழில் கேட்டாள். கண்களை மூடிக்கொண்டேன். கண்ணுக்குள் அந்தப் பிரஸ் எந்திரம் இருந்தது. ஆய்வாளர் அதன் முன்னால் நிற்பார், சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டிருப்பார் என்று தெரிந்தது. தெரிந்தும் காலை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு காலையும் நீட்டினேன்.

மாலையில் ஆலைக்குத் திரும்பினோம். கேட்டில் டோக்கனைக் கொடுத்துக் கைப்பேசியை வாங்கும்போதே, ஷிஃப்ட் முடிந்து வந்த பெண்கள் ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டார்கள். ஆய்வாளர் வந்து போய்விட்டார். நேரில் பார்த்த சாட்சி எங்கே என்று கேட்டிருக்கிறார். விடுப்பில் போயிருக்கிறாள் என்று பதில். மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. பவானி தன் இஷ்டத்துக்கு டேப் ஒட்டிக்கொண்டாள் என்று எழுதி முடித்தாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளுக்கு இங்கே வேலை இல்லை.

ஜெசிந்தா திரும்பி என்னைப் பார்த்தாள். “உங்களையும் ஏமாத்திட்டாங்களாக்கா?”

எனக்காக அவளே கண்டுபிடித்துக் கொடுத்த பொய்!

“ஆமாம்மா” என்றேன்.

மேலாளர் என்னைக் கடிந்துகொண்டார். கையெழுத்து வாங்கவில்லையே என்பதற்காக அல்ல, அது தேவைப்படவே இல்லை. ஒரு நாள் வாடகை வீணாகிவிட்டதாம். தலை குனிந்து கேட்டுக்கொண்டேன்.

அன்றே ஜெசிந்தா பவானியின் வீட்டுக்கு ஓடினாள். வாசலில் பவானியின் அண்ணன் மறித்துக்கொண்டு நின்றானாம். “கம்பெனி ஓட்டல்ல துன்னுட்டு வந்தவளுக்கு இங்க இன்னா வேலை? மேல போயி உன் துணியை எடுத்துக்கினு கெளம்பு.” இதை அவளே என் மேசைக்கு வந்து சொன்னாள். “நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லுங்கக்கா. நான் கையெழுத்துப் போடலன்னு உங்களுக்குத்தான தெரியும்?” வருகிறேன் என்றேன். போகவில்லை. கையெழுத்து இல்லையென்று சொன்னால், அடுத்த கேள்வி, பிறகு ஏன் மூன்றாம் நாளும் அவளை ஓட்டலில் வைத்திருந்தீர்கள் என்பதுதானே... பத்துப் பதினைந்து நாள் காத்திருந்தாள். பிறகு ஊருக்குப் போய்விட்டாள்.

இதுவரை சொன்னதை நீங்கள் மன்னித்துக்கூட விடலாம். பலவீனம் என்பீர்கள், களைப்பு என்பீர்கள். இனி சொல்வதைக் கேளுங்கள்.

போன மாதம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எதிரே பவானி! இடது கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். வலது கை துப்பட்டாவுக்குள் இருந்தது.

“மேடம்! நல்லா கீறீங்களா?” முகமெல்லாம் சிரிப்பு. “ஆஸ்பத்திரில நீங்கதான் ரெண்டு தபா வந்து பாத்தீங்க. கம்பெனிலேர்ந்து வேற ஒரு நாயி வரல.”

ஏதோ கேட்டேன். அவளும் ஏதோ சொன்னாள். கல்யாணம் தட்டிப்போகிறது, இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறாள், இடது கையால் எழுதப் பழகிவிட்டாள்... பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“அந்த ஜெசிந்தா எங்க கீறான்னு தெரியுமா மேடம்? எங்க வூட்டு சோத்தைத் துன்னவ. நான் கை போயிக் கெடக்கறேன், அவ ஏசி ரூம்ல குளிச்சிக்கினு இருந்தா. நெனச்சா வவுறு எரியுது. ஒரு தபா நேர்ல பாத்தா கேக்கணும், எப்டிடி உனுக்கு மனசு வந்திச்சின்னு.” கண் கலங்கிவிட்டது அவளுக்கு. “ஆனா மனசு அவளைத் தேடுது மேடம். அதான் வெக்கமா கீது.”

ஆட்டோ மேம்பாலத்தில் ஏறியது. எனக்கு நேரம் இருந்தது. ஒரு சொல்லுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்கதானே மேடம் அவ கூட இருந்தீங்க? அவ கையெழுத்துப் போட்டாதானே?”

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

“எனக்குத் தெரியும்” என்று பவானி வெளியே பார்த்தாள்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். அது என் நிறுத்தம் இல்லை. வெயிலில் நின்று ஆட்டோ மறையும்வரை பார்த்தேன்.

ஜெசிந்தாவின் எண் என் கைப்பேசியில் இருக்கிறது. பவானியின் வீடும் தெரியும், போன மாதம் கேட்டு வைத்துக்கொண்டேன். ஏன் கேட்டேன்? போய்ச் சொல்லத்தான். இன்று ஞாயிற்றுக்கிழமை, எனக்கு விடுமுறை. பிள்ளைப்பாக்கம் முக்கால் மணிப் பயணம்.

காலையிலிருந்து உட்கார்ந்து இதை உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.