மழை தொட்ட பொத்தான்

போன வெள்ளிக்கிழமை மதியம். மட்டாஞ்சேரி ஜெட்டியில் எர்ணாகுளம் படகுக்காகக் காத்திருந்தேன். தூறல். காயலும் வானமும் ஒரே சாம்பல் நிறம்... எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கிடங்குப் பக்கமிருந்து சுக்கு வாசனை மிதந்து வந்தது. பாதித் தூக்கத்தில் இருப்பது போலிருந்தது.

கையில் செல்போன். திரையில் என் தங்கை சரோஜாவின் நம்பர். எடுப்பேன், பார்ப்பேன், அழுத்தாமல் உள்ளே வைப்பேன். ஓணத்திலிருந்து இதுதான் என் தினசரி வேலை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சரோஜா ஆலுவாவில் இருக்கிறாள். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் தனி. தினமும் மதியம் எனக்குப் போன் செய்வாள். என்ன கறி வைத்தாள், ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறியது, முழங்கால் எந்தப் பக்கம் வலிக்கிறது... முடிவே இருக்காது. எனக்கோ அது கண் செருகும் நேரம்.

அப்போதுதான் என் போனில் ஒரு வித்தை இருப்பதைக் கண்டுபிடித்தேன். மணியடிக்கும்போது கவிழ்த்து வைத்தால் போதும் — சத்தம் அடங்கிவிடும். அழைப்பைத் துண்டித்த பாவம் இல்லை. ‘பார்க்கவில்லையே’ என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். எவ்வளவு நாகரிகம்!

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஓணத்தன்று அவள் வீட்டில் சத்யா விருந்து சாப்பிட்ட தெம்பில், மாப்பிள்ளையிடம் பெருமையடித்தேன். “என் நம்பருக்கு அடிங்க... பாத்தீங்களா? கவுத்தா கப்சிப்!”

பாயசத்தோடு வந்த சரோஜா அப்படியே நின்றாள்.

“அப்போ நான் விளிக்கும்போதெல்லாம் இதானா அண்ணே?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். இன்னொரு கரண்டி பாயசமும் ஊற்றினாள். அதன்பின் மதியங்களில் என் போன் அடிக்கவே இல்லை. கேட்ட அமைதி கிடைத்துவிட்டது. தூக்கம்தான் வரவில்லை.

ஜெட்டிக் கதைக்குத் திரும்புகிறேன். கூரை விளிம்பிலிருந்து ஒரு பெரிய சொட்டு, சரியாகத் திரையில் விழுந்தது. பச்சைப் பொத்தான்மேல். நான் துடைப்பதற்குள் அந்தப் பக்கம் மணியடித்து, அவளும் எடுத்துவிட்டாள்.

“எந்தா அண்ணே?”

குரலில் எவ்வளவு ஆவல்! நானோ, படித்த மனிதன் அல்லவா, உண்மையைச் சொன்னேன்.

“நான் விளிக்கல சரோஜா. போன்மேல மழை விழுந்துச்சு. அதுவா போயிருச்சு.”



“மழைக்காவது என் ஞாபகம் வந்துச்சே.”

வைத்துவிட்டாள்.

உடனே திரும்ப அழுத்தினேன். போகவில்லை. மழைக்குப் பணிந்த திரை, என் ஈர விரலை மதிக்கவில்லை. சட்டையில் துடைத்தேன், சட்டையும் ஈரம். ஜெட்டிச் சாயாக்கடைச் சேட்டன் ஒரு பழைய பேப்பரைக் கிழித்து நீட்டினார். “கை நல்லா துடைக்கு சாரே. அவசரப்பட்டா அது கேக்காது.”

துடைத்தேன். அழுத்தினேன். போயிற்று.

அவளுடையது பழைய பட்டன் போன். கவிழ்த்தாலும் அலறும். அந்த ஆளில்லா வீடு முழுக்க என் மணி ஒலித்துக்கொண்டிருக்கும், அவள் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள் என்று தெரிந்தது. நானும் மணியைக் கேட்டபடி நின்றேன். என் மதியத் தூக்கங்களின்போது இந்தப் பக்கம் நின்றவள் அவள்தானே?

கடைசி மணியில் எடுத்தாள்.

“இப்ப யாரு? மழையா?”

“நான்தான். நானேதான் அடிச்சேன். தப்புப் பண்ணிட்டேன் சரோஜா.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். பிறகு, நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வது போல், “இன்னைக்கு ஒரு கப்பைக் கிழங்கு வாங்கினேன் அண்ணே, எவ்வளவு வேகவச்சாலும் வேகவே மாட்டேங்குது...” என்று ஆரம்பித்தாள்.

“அப்புறம்?” என்றேன்.

அவளிடம் இதற்குமுன் நான் அப்படிக் கேட்டதாக நினைவில்லை.

எர்ணாகுளம் படகு வந்தது, ஆட்களை ஏற்றிக்கொண்டு புகைபோல மழைக்குள் கரைந்தது. போகட்டும்... சரோஜா இன்னும் அடுப்பிலிருந்து கப்பையையே இறக்கவில்லை!